கூலியும் கூலியாளும்

ஆங்கிலேயர் நம் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டு போன சொற்கள் சில உண்டு. கட்டுமரத்தை எடுத்தார்கள், சுருட்டை எடுத்தார்கள், கறியை எடுத்தார்கள். மிளகுத் தண்ணீரைக்கூட விட்டு வைக்கவில்லை. அதை ஒரு சூப்பின் பெயராக்கித் தங்கள் விருந்து மேசையில் வைத்துக்கொண்டார்கள். இவையெல்லாம் பண்டங்களின் பெயர்கள். பண்டம் போகுமிடமெல்லாம் அதன் பெயரும் கூடப் போகும் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததல்ல. ஆனால் மனிதரைக் குறிப்பதற்கென்று அவர்கள் நம்மிடமிருந்து கொண்ட சொற்களைத் தேடினால், முன்னால் வந்து நிற்பவை இரண்டு. ஒன்று, தமிழகத்தில் ஒரு சமூகத்தாரின் பெயரான பறையர் என்பது. அதை ‘எல்லோராலும் தள்ளி வைக்கப்பட்டவன்’ என்ற பொருளில் தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். மற்றொன்று ‘கூலி’.

இவ்விரண்டாவது சொல்லைப் பற்றியே இங்குச் சிறிது ஆராய விரும்புகிறேன். உடலுழைப்புச் செய்கிறவனைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகமெங்கும் சரளமாக வழங்கிய சொல் அது. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம்மவர் கடை வைத்த இடங்களெல்லாம் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டவர்களின் கைக்காசை நம்பி எழுந்தவை. ஆகவே அச்சொல்லின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

தமிழில் கூலி என்பது மனிதனல்ல. அது ஒரு தொகை. நம் பேரேட்டைத் திறந்து பார்த்தால் போதும். வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அரவைக்கூலி, தையற்கூலி என்று வரிசையாக எழுதியிருப்போம். நகைக்கடையில் செய்கூலி என்று கேட்பார்கள். இவற்றில் எந்த இடத்திலும் ஓர் ஆளைப் பற்றிய பேச்சில்லை. செய்த காரியத்துக்குக் கொடுக்க வேண்டிய காசைப் பற்றிய பேச்சுத்தான். திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். விதி கைகொடாமற் போனாலும் உடலை வருத்தி உழைத்த உழைப்பு அதற்குரிய கூலியைக் கொடுத்தே தீரும் என்பது அங்கு அவர் சொல்லும் கருத்து. அங்கே கூலி என்பதற்கு இழிவான பொருள் ஏதும் உண்டா? இல்லை. உழைத்தவனின் உரிமை என்ற தோரணையிலேயே அது நிற்கிறது.

நம் மார்க்கப் பேச்சிலோ இந்தச் சொல்லுக்கு இன்னும் உயர்ந்த இடம் உண்டு. குர்ஆன் ஷரீபைத் தமிழாக்கியவர்கள், அல்லாஹ் தன் அடியார்களுக்கு அளிக்கும் பிரதிபலனைக் குறிக்கும் ‘அஜ்ர்’ என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ‘கூலி’ என்றும் ‘நற்கூலி’ என்றுமே எழுதினார்கள். ஜும்ஆ மேடையில் ஆலிம் சாகிபு நற்கூலி என்று சொல்லும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் ஜவுளிக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் அதை அவமானமாகக் கருதி முகம் சுளிப்பதில்லை, ஆமீன் என்கிறார்கள். அரபியிலும் அதே நிலைதான். வேலைக்காரனுக்குக் கொடுக்கும் காசும் அஜ்ர்தான். ஆண்டவன் கொடுக்கும் பலனும் அஜ்ர்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரபியில் காசு ‘அஜ்ர்’. அதைப் பெறும் மனிதன் ‘அஜீர்’. தமிழில் காசு ‘கூலி’. அதைப் பெறும் மனிதன் ‘கூலியாள்’. இரண்டு மொழிகளும் கொடுக்கும் பொருளையும் வாங்கும் மனிதனையும் வெவ்வேறாக வைத்திருக்கின்றன. ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்? கூலியை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள்.

இந்தச் சொல் எந்த வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது என்பதில் பண்டிதர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. யூல், பர்னல் என்ற இருவர் 1886இல் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்ற வேடிக்கையான பெயரில் ஓர் அகராதி வெளியிட்டார்கள். கீழ்நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்துபோன சொற்களைத் திரட்டிய நூல் அது. குஜராத்தில் கோலி என்றொரு குலத்தார் உண்டு. அவர்கள் பெயரே சுமை தூக்குவோர் எல்லோருக்கும் பொதுப்பெயராகியிருக்கலாம் என்ற கட்சியை அந்நூல் முன்வைக்கிறது. தென்னாட்டுக் கூலி என்ற சொல்லையும் அது குறிப்பிடுகிறது. கோலி என்ற வாசலோ கூலி என்ற வாசலோ, எதுவாயினும் ஆகட்டும். முதலாவதானால் ஒரு குலத்தின் பெயர் வேலையின் பெயராயிற்று. இரண்டாவதானால் வேலைக்குக் கொடுக்கும் காசின் பெயர் மனிதனின் பெயராயிற்று. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய லட்சக்கணக்கான நம் மக்களைப் பொறுத்தவரையில் நடந்தது இந்த இரண்டாவதுதான். அவர்களுக்கு அச்சொல்லின் பழைய பொருள் தெரியும். காசைக் குறிக்கும் தங்கள் சொல்லையே தங்கள் மீது எறிகிறார்கள் என்பதும் அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

இங்கிருந்து சொல் ஊர் சுற்றத் தொடங்கிற்று. மலாய்க்காரரும் ‘கூலி’ என்றே வழங்கினார்கள். சீனர் அதே ஓசையைத் தங்கள் எழுத்தில் வடிக்கும்போது கசப்பு, வலிமை என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்துகொண்டார்கள். அச்சொல்லால் அழைக்கப்பட்டவனின் பாட்டை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

ஆங்கிலேயர் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்க 1833இல் சட்டம் செய்து, 1834 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. ஒப்பந்தம் எழுதி இந்தியரைக் கொண்டுபோனார்கள். மோரீஸ் தீவில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய படித்துறைக்குக் ‘கூலி காட்’ என்றே பெயராயிற்று. பின்னால் ‘ஆப்ரவாசி காட்’ என்று பெயர் மாறிய அந்த இடத்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்தவர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறக்கிற்று. அடிமை என்ற சொல் கப்பலிலிருந்து இறங்கிவிட்டது. கூலி என்ற சொல் ஏறிக்கொண்டது.

நிற்க. நம் வட்டாரத்துக்கு வருவோம். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூருக்குப் போகும் சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் ரப்பரும் தென்னையுமாக இருந்தது. பின்னர் செம்பனை ஆயிற்று. அந்தச் செம்பனையும் இந்நாட்டில் தோட்டப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை நட்டார். (பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் நுழையவில்லை.) அவர் பின்னால் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசும் பெற்றார். அவர் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம். ஆம், ஆங்கிலப் பதிவேடுகளிலும் அது தென்னமரம் எஸ்டேட்தான். மரத்துக்கு நம் மொழியில் கௌரவமான பெயர் கிடைத்தது. மரத்தைப் பார்த்துக்கொண்டவனுக்கு அதே மொழியிலிருந்து கிடைத்த பெயர் கூலி.

விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நின்றவர்களைத் தலை எண்ணுவார்கள். ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்கு இவ்வளவு காசு என்று தலைக்காசு உண்டு. அவன் வசித்த இடம் ‘கூலி லயன்’. 1920களின் கடைசியில் அரசாங்கம் நிர்ணயித்த கூலி, எளிதில் போய்வரக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் அது 40ஆகவும் 32ஆகவும் குறைந்தது. விலை ஏறியபோது கூலி அதே வேகத்தில் ஏறினதா என்று கேட்பீர்கள். ஏறவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிச் செலவில் ஆள் அனுப்புவதையே நிறுத்தியதற்கு இந்தக் கூலித் தகராறுதான் பெரிய காரணம்.

இந்தக் கணக்குகளையெல்லாம்விட 1941ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று இச்சொல்லின் பொருளை நமக்குத் தெளிவாகக் காட்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனும் முன்னின்றார்கள். மே மாதம் நாதன் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது. அவற்றோடு வேறொன்றும் இருந்தது. தொழிலாளி சைக்கிளில் போகும்போது துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது.

இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்காமல் போவதால் ஒருவனுடைய நாட்கூலியில் ஒரு காசும் கூடப்போவதில்லை. அப்படியிருக்க, குண்டு பாயும் அளவுக்கு முற்றிய ஒரு சண்டையில் அதற்கு ஏன் ஓர் இடம்? அந்தச் சைக்கிள் அவன் வாங்கிய கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. கூலி அவன் கைக்கு வந்து, செலவாகி, அவனுக்குச் சொந்தமான ஒரு பொருளாக மாறிய பிறகு அவன் அதன்மேல் ஏறிப் போகிறான். அப்போது அவன் கூலி அல்ல. தன் சைக்கிளில் தன் வழியே போகும் ஒரு மனிதன். அந்த நிலையைத்தான் துரைமாரால் பொறுக்க முடியவில்லை. வேலை நேரத்தில் மட்டுமன்று, வேலை முடிந்த பிறகும், சாலையிலும், சந்தையிலும் அவன் கூலியாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

காந்தியார் தமது சுயசரிதையில் எழுதியிருக்கும் பாலசுந்தரத்தின் கதையும் இதே ரகந்தான். நேட்டாலில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தத்தில் இருந்த தமிழர் அவர். எஜமானன் அடித்துப் பல் உடைந்து, இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியாரிடம் வந்து நின்றார். ஒப்பந்தக் கூலி வெள்ளையன் முன்னால் தலைப்பாகையோடு நிற்கக்கூடாது என்ற வழக்கம் அவரை அப்படிப் பழக்கியிருந்தது. தம் நாட்டு வக்கீல் முன்னாலும் அவர் அதைக் கழற்றினார். காந்தியார் முதலில் சொன்னது, தலைப்பாகையைக் கட்டிக்கொள் என்பதுதான்.

அதே சுயசரிதையில் நம்மைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. நேட்டாலில் வெள்ளையர் எல்லா இந்தியரையும் கூலி என்றே அழைத்தார்கள். காந்தியார் ‘கூலி பாரிஸ்டர்’. கடை வைத்திருந்தவர்கள் ‘கூலி வியாபாரிகள்’. தமிழர் பெயர்களின் கடைசியில் வரும் ‘சாமி’யைப் பிடித்துக்கொண்டு, கூலி என்பதற்குப் பதிலாகச் ‘சாமி’ என்றும் கூப்பிட்டார்கள். இந்தப் பெயர் தங்கள்மேல் விழாதிருக்க அங்கிருந்த முஸ்லிம் வியாபாரிகள் ஒரு வழி கண்டார்கள். தங்களை ‘அராபியர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சிகள் ‘பாரசீகர்’ என்றார்கள். யாராவது கூலி என்றால், நான் கூலியல்ல, நான் அராபியன் என்றோ, நான் வியாபாரி என்றோ பதில் சொல்வார்கள். மரியாதை தெரிந்த ஆங்கிலேயனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான்.

அந்த வியாபாரிகள் பெரும்பாலும் குஜராத்திகள், நம்மவரல்லர். அவர்களைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் வேண்டாம். அந்நிய நாட்டில் மானத்தோடு கடை நடத்த விரும்பிய ஒருவன் கைக்கெட்டிய கவசத்தை மாட்டிக்கொண்டான். ஆயினும் அந்தப் பதிலை மறுபடி கேட்டுப் பாருங்கள். ‘நான் கூலியல்ல’ என்றால், ‘அதோ நிற்கிறானே, அவன் கூலி’ என்பதும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பெயரே தவறு என்று அவர்கள் சொல்லவில்லை; எங்களுக்குப் பொருந்தாது என்று மட்டும் சொன்னார்கள்.

மலாயாவில் நாம் அராபியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கு அவசியம் ஏற்படவில்லை. ரஜூலாக் கப்பல் 1926லிருந்து 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிற்று. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களில் தோட்டத்துக்குப் போகிறவனும் இருந்தான். மாமன் கடைக்குக் கணக்கெழுதப் போகிற நம் பிள்ளையும் இருந்தான். ஒரே உப்புக்காற்று, ஒரே வாந்தி. கரையில் இறங்கிப் பத்து வருஷம் கழிந்தால் ஒருவன் கூலி, மற்றவன் முதலாளி.

முதலாளி என்ற சொல் நம்மைக் காப்பாற்றிற்று. அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். முதல் என்றால் மூலதனம். மலாய்க்காரரும் அதைத்தான் ‘மோடல்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆளி என்றால் உடையவன். முதலை உடையவன் முதலாளி. தொழிலை உடையவன் தொழிலாளி. சொல்லளவில் இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கடனை உடையவன் கடனாளி, நோயை உடையவன் நோயாளி என்பதும் அதே குடும்பந்தான் என்பதை முதலாளிமார் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம். ‘எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போடுகிறீரே, நம் தமிழே கூலியை மதித்ததா? கூலிக்கு மாரடிக்கிறான் என்பதும் கூலிப்படை என்பதும் யார் சொல்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னும் ஒரு படி மேலே போய் நானே சொல்லுகிறேன். ஒரே காசுக்கு நாம் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! மரம் சீவுகிறவனுக்குக் கொடுத்தால் கூலி. கிராணிக்குக் கொடுத்தால் சம்பளம். வக்கீலுக்குக் கொடுத்தால் ஃபீஸ். தரகருக்குக் கொடுத்தால் கமிஷன். ஹஜ்ரத்துக்குக் கொடுத்தால் ஹதியா. நமக்கு நாமே எடுத்துக்கொண்டால் லாபம். உடம்பு எவ்வளவு அதிகமாக வேர்க்கிறதோ அவ்வளவு தாழ்ந்த பெயர். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னரே இந்த ஏணி நம் வீட்டில் சார்த்தியிருந்தது. அவன் அதன் கடைசிப் படியை மட்டும் உருவி எடுத்து உலகமெங்கும் கொண்டுபோனான்.

பெயரை மாற்றினால் போதுமா என்றால் அதுவும் போதாது. இந்திய ரயில்வேயில் சுமை தூக்குவோரைக் கூலி என்று அழைக்கும் வழக்கத்தை மாற்றி, ‘சகாயக்’ என்று அழைக்கப்போவதாக 2016ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் பெட்டியின் கனம் குறையவில்லை. இன்னொரு புறம், 2025இல் ரஜினிகாந்த் நடித்த ஒரு படம் அச்சொல்லையே தலைப்பாக வைத்துக்கொண்டு வெளிவந்தது. இளைஞர்கள் அதைப் பெருமையாகச் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டார்கள். சொல்லுக்கு மானமும் அவமானமும் மனிதர் ஏற்றுவதுதான். நம் ஆற்றுக்குச் செம்பிலாங் என்ற மீனின் பெயர் இருப்பதால் ஆற்றுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. ஆற்றை மீனாக யாரும் நினைத்துக்கொள்வதில்லை. மனிதனுக்கு அவன் வாங்கும் காசின் பெயரை வைத்தபோதோ, அவனை அந்தக் காசாகவே நினைத்துக்கொண்டார்கள். தீங்கு அங்கே இருக்கிறது.

கூலிக்கும் லாபத்துக்கும் நடுவே நாம் கட்டியிருக்கும் சுவர் எவ்வளவு உறுதியானது என்பதையும் பார்த்துவிடுவோம். இன்று ஊதியம் என்றால் சம்பளம் என்று பொருள் கொள்கிறோம். திருக்குறளில் அதே சொல் லாபம் என்ற பொருளில் வருகிறது. இழப்பையும் ஆக்கத்தையும் எண்ணிப் பார்த்துப் பின்னர் வரும் ஊதியத்தையும் எண்ணிக் காரியத்தில் இறங்க வேண்டும் என்பது வியாபாரிக்கே சொன்னது போலிருக்கும். வியாபாரியின் சொல்லாக இருந்தது மெல்ல நகர்ந்து உழைப்பாளியின் சொல்லாகிவிட்டது. மொழி அந்தச் சுவரை எப்போதோ தாண்டிவிட்டது.

இதைப் பற்றி நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஒரு வரலாறு புகாரியில் பதிவாகியிருக்கிறது. குகைக்குள் மூவர் அகப்பட்டுக்கொண்ட கதை. சிறுவயதிலேயே மதரஸாவில் கேட்டிருப்போம். பாறை வாசலை அடைத்துக்கொள்ள, ஒவ்வொருவரும் தாம் செய்த ஒரு நற்காரியத்தைச் சொல்லி இறைவனிடம் இறைஞ்சுகிறார்கள். அவர்களில் ஒருவர் சில ஆட்களை வேலைக்கு வைத்திருந்தவர். ஓர் ஆள் தனக்குரிய தானியக் கூலியை வாங்காமலே போய்விட்டான். இவர் அந்தத் தானியத்தை விதைத்தார், விளைந்தது, விளைச்சலை மாடாக்கினார், மாடுகள் பெருகின, மேய்ப்பவனையும் அமர்த்தினார். வெகுகாலம் கழித்து அந்த ஆள் வந்து, என் கூலியைக் கொடும் என்றான். அதோ தெரிகிற மாடுகளும் மேய்ப்பவனும் உன்னுடையவை என்றார். ‘என்னை வைத்து விளையாடுகிறீரா?’ என்று அவன் கேட்டான். விளையாட்டில்லை என்றார். அவன் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போனான்.

நம் வியாபாரக் கணக்குப்படி பார்த்தால் இவர் செய்தது அசட்டுத்தனம். புத்தி இவருடையது, பாடு இவருடையது, மாடு செத்திருந்தால் நஷ்டமும் இவருடையது. ஒரு மரக்கால் தானியத்தை அளந்து கொடுத்து அனுப்பியிருந்தால் எந்த காஜியும் அவர்மேல் குற்றம் காண முடியாது. அப்படியிருந்தும் அவர் வேறு கணக்குப் போட்டார். கொடுக்கப்படாத கூலி அவர் பெட்டியில் கிடந்தாலும் அது அவன் பொருளாகவே கிடந்தது. வளர்ந்ததும் அவன் பொருளாகவே வளர்ந்தது என்பது அந்தக் கணக்கு. இதைச் சட்டமாகச் செய்ய முடியாது என்பது உண்மை. ஆயினும், தொழிலாளியின் காசு அவன் முதுமைக்காக வளர்ந்து நிற்க வேண்டும் என்று 1951இல் இந்நாட்டில் ஊழியர் சேமநிதி தொடங்கியபோது, அந்தக் குகைவாசியின் எண்ணத்தில் ஒரு சிறு பங்கு சட்டப் புத்தகத்தில் ஏறிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவும் பழங்கதை, இப்போது நம் தோட்டங்களில் கூலி ஏது, லயன் ஏது என்று சொல்லுவோருண்டு. லயன்களில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். ஆனால் செம்பனைக் குலை தானாக இறங்கி வருவதில்லை. நம் உணவகங்களில் ரொட்டி தானாக வீசிக்கொள்வதில்லை. இந்தோனேசியர், வங்கதேசத்தார், நேப்பாளியர், தமிழகத்துப் பிள்ளைகள் என்று வேறு கைகள் வந்திருக்கின்றன. அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? ‘பங்ளா’. ‘ரெண்டு பங்ளா வேணும்’ என்கிறோம். ‘அந்தப் பங்ளாவைக் கூப்பிடு’ என்கிறோம். தொழுகைக்கு நிற்கும்போது நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறவனுக்கு அல்லாஹ்வின் அழகிய திருநாமம் ஒன்றைச் சேர்த்து அவன் தகப்பன் பெயர் வைத்திருக்கிறான். சலாம் கொடுத்துத் திரும்பியதும் அந்தப் பெயர் நமக்கு மறந்து போகிறது. ஒரு தேசத்தின் பெயரை நறுக்கி வேலையின் பெயராக்கியிருக்கிறோம். யூலும் பர்னலும் உயிரோடிருந்தால் தங்கள் அகராதியில் ஒரு புதுப் பதிவு எழுதுவார்கள்.

பெயரோடு நின்றால் பரவாயில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக் கல்லாப்பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கமும் தொடர்கிறது. பிறர் பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லுகிற நியாயம் ஒன்றுண்டு: ‘லெவி கட்டி, ஏஜெண்டுக்குக் கொடுத்து, டிக்கெட் போட்டுக் கூட்டி வந்திருக்கிறேன். நாளைக்கே வேறு கடைக்கு ஓடிவிட்டால் என் காசு என்னாவது?’ சிறு கடைக்காரனின் கஷ்டம் உண்மைதான். அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை நாம் இதற்கு முன் எங்கோ கேட்டிருக்கிறோம். மலாயாவில் 1910 வரையில் இருந்த ஒப்பந்தக் கூலி முறைக்குத் துரைமார் சொன்ன நியாயம் சொல்லுக்குச் சொல் இதேதான். கப்பல் கட்டணம் கொடுத்துக் கொண்டு வந்தேன், ஓடினால் என் காசு என்னாவது என்றுதான், வேலையை விட்டுப் போகிறவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை வைத்திருந்தார்கள்.

மூஸா நபி (அலை) அவர்களும் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்களே. மத்யனில் ஒரு பெரியவரிடம் எட்டு வருஷம் என்று பேசினார்கள். பத்தாக்கினால் அது உம் விருப்பம், உம்மைக் கஷ்டப்படுத்த எனக்கு எண்ணமில்லை என்று அப்பெரியவர் அப்போதே சொல்லிவிட்டார். தவணை எவ்வளவு, கூடுதல் யாருடைய இஷ்டம் என்பது முதல் நாளே இருவருக்கும் தெரியும். ஊர் தெரியாமல் ஓடி வந்த ஓர் அந்நியனோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. எகிப்திலிருந்து வந்தவர் என்று அவருக்கு ஊர்ப்பெயர் சூட்டிக் கூப்பிட்டதாக வரலாறு இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் சில காரியங்களை வரையறுத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத் தவணை முடிந்த ஏழு நாளைக்குள் கூலி கைக்குப் போய்விட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து அதுவே. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி ஏவப்பட்ட உம்மத்துக்கு ஏழு நாள் என்பது மிகத் தாராளமான தவணை. வெளிநாட்டான் தானே என்று அதையும் தள்ளிப்போடுகிற கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைகளிலும் பிஸ்மில்லாப் பலகை மாட்டியிருக்கிறது.

அபூதர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். தாய் அரபியல்லாதவள் என்பது அந்தப் பேச்சின் குத்தல். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டிற்று. உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்களிடம் வேலை செய்வோர் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுங்கள் என்பதும் அப்போது சொன்னதுதான். வெகுகாலம் சென்று, ரபதா என்ற இடத்தில் ஒருவர் அபூதரைச் சந்தித்தார். எஜமானரும் பணியாளரும் ஒரே விதமான உடுப்பில் இருப்பதைக் கண்டு திகைத்து, இதென்ன என்று கேட்டார். அபூதர் அவருக்குத் தம் பதிலாகச் சொன்னது, தாம் ஒருநாள் ஒருவரைக் கூப்பிட்ட அந்த ஒரு சொல்லின் கதையை.